பட்டன் போனை மாற்றும் முன்

"அப்பாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்துடலாமா?" தீபாவளியோ பொங்கலோ நெருங்கினால் பல வீடுகளில் இந்தப் பேச்சு வருகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ காலில் முகம் பார்க்க ஆசை. அப்பாவோ, "எனக்குப் பேசினாப் போதும்பா, இதுவே நல்லாத்தானே இருக்கு" என்கிறார். அவர் கையில் இருப்பது ஓரம் தேய்ந்து, எண்கள் பாதி அழிந்த பட்டன் போன். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு பெரும்பாலும் விலையைப் பார்த்தோ, அக்கம்பக்கத்தில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவோ எடுக்கப்படுகிறது. அந்தச் சின்னக் கருவி டவரோடு எப்படிப் பேசுகிறது, எதனால் அதற்குச் சார்ஜ் நிற்கிறது, எங்கே அது தோற்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பணமும் மிஞ்சும், அப்பாவின் நிம்மதியும் மிஞ்சும்.

இது நாலைந்து பேரின் பிரச்சினையும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கில் இந்தியாவில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். நெட் தேவைப்படாத இவர்களும் நெட்டோடு சேர்த்து ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. அதனால்தான், பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. அத்தகைய திட்டம் 365 நாள் வரை செல்லலாம். பட்டன் போனைத் தொடர நினைப்பவர்கள் அடுத்த ரீசார்ஜின்போது இந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் தாமாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் எல்லோரும் புகழும் அந்தச் சார்ஜ் விஷயத்தைப் பார்ப்போம். 2003இல் வந்த நோக்கியா 1100 நினைவிருக்கும். தலையில் டார்ச், தூசி புகாதபடி ஒரே ரப்பர் தகடாக விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத பக்கவாட்டு. உலகம் முழுவதும் 25 கோடி விற்ற போன் அது. அதன் பேட்டரி வெறும் 850 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது. இன்றைய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் 5,000. அப்படியிருந்தும் 1100 சும்மா கிடந்தால் 400 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனம் சொன்னது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக 2 மில்லிஆம்பியர் சொச்சம்தான் அது எடுத்துக்கொள்கிறது.

எப்படி இவ்வளவு குறைவு? 2ஜி வலையமைப்பில், அதாவது ஜிஎஸ்எம் முறையில், ஒரே அலைவரிசையை எட்டு போன்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறப்பதைப் போல, ஒவ்வொரு போனுக்கும் ஒரு சின்ன நேரத்துண்டு. 577 மைக்ரோவினாடி, அதாவது ஒரு மில்லிவினாடியில் பாதிக்குச் சற்று மேல். பேசாமல் சும்மா இருக்கும்போது போன் கிட்டத்தட்ட முழுத் தூக்கத்தில் இருக்கிறது. அரை வினாடியிலிருந்து இரண்டு வினாடிக்குள் ஒருமுறை கண் விழித்து, "எனக்கு ஏதாவது அழைப்பு உண்டா?" என்று டவரின் அறிவிப்பைக் கவனித்துவிட்டு, இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடுகிறது. விழித்திருக்கும் நேரம் சில மில்லிவினாடிகள்தான்.

இந்த முறைவைப்பை நீங்கள் காதாலேயே கேட்டிருக்கிறீர்கள். ரேடியோவுக்கோ ஒலிபெருக்கிக்கோ பக்கத்தில் பழைய போனை வைத்தால், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் "டிட்டிட்-டிட்டிட்-டிர்ர்ர்" என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். எட்டு நேரத்துண்டுகள் சேர்ந்த ஒரு சுற்று 4.615 மில்லிவினாடி. தன் முறை வரும்போதெல்லாம் போன் அலையை வீசி நிறுத்துகிறது. ஆகவே வினாடிக்கு ஏறக்குறைய 217 முறை விட்டுவிட்டு வீசுகிறது. 217 ஹெர்ட்ஸ் மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் அதிர்வெண். ஒலிபெருக்கியின் கம்பிகள் அதை வாங்கி அப்படியே ஒலியாக்கிவிடுகின்றன. அந்த நொடியில் 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி போன் 2 வாட் வரை வீசக்கூடும். 4ஜி போனின் உச்சம் பொதுவாக 0.2 வாட். ஸ்மார்ட்போனில் 4ஜி வழியாகப் பேசும்போது அந்த உறுமல் கேட்காததற்கு வீச்சு குறைந்ததும், இப்படி வெட்டி வெட்டி அனுப்பும் முறை மாறியதும் காரணம்.

அப்படியானால் ஸ்மார்ட்போனுக்குச் சார்ஜ் நிற்காதது ஏன்? அதிலுள்ள 'போன்' பகுதி மோசம் என்பதால் அல்ல. பெரிய திரை, எப்போதும் ஏதாவது தகவலை இழுத்துக்கொண்டிருக்கும் செயலிகள், ஜிபிஎஸ், பின்னணியில் ஓடும் புதுப்பிப்புகள் எல்லாம் சேர்ந்துதான் தின்கின்றன. நெட்டை அணைத்துவிட்டுப் பேசுவதற்கு மட்டும் வைத்திருந்தால் ஒரு சாதாரண ஸ்மார்ட்போனே பல நாள் தாங்கும். 'பட்டன் போன்தான் சார்ஜ் நிற்கும்' என்பது பாதி உண்மை. குறைவான வேலை செய்யும் கருவிக்குச் சார்ஜ் நிற்கும் என்பதே முழு உண்மை. எனவே சார்ஜ் ஒன்றை மட்டும் காரணமாக வைத்து ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டன் போனின் உண்மையான ஆயுள் அதன் பேட்டரியில் இல்லை, டவரில் இருக்கிறது. பேட்டரி போனால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். 2ஜி அலையை டவர் நிறுத்திவிட்டால், கல்லுபோல இருக்கும் போனும் அன்றே பேச்சற்றுப் போகும். சிங்கப்பூரில் இது நடந்து முடிந்துவிட்டது. 2017 ஏப்ரலில் அங்குள்ள மூன்று நிறுவனங்களும் 2ஜியை நிறுத்தின. அங்கே வேலை பார்த்த நம் ஊர்த் தொழிலாளிகள் பலர் வைத்திருந்த பழைய கைப்பேசிகளும் அதோடு பயனற்றுப்போயின. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் அதே ஆண்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது.

இந்தியாவின் கதை வேறு. இங்கே முதலில் போனது 3ஜிதான். ஏர்டெல் தன் 3ஜி அலைவரிசையை 4ஜிக்கு மாற்றிக்கொண்டது. 2ஜியை மட்டும் விடவில்லை. காரணம், மேலே சொன்ன அந்தக் கோடிக்கணக்கானவர்கள். ஜியோவிடமோ 2016இல் சேவை தொடங்கிய நாளிலிருந்தே 2ஜி கிடையாது. முழுக்க 4ஜி. ஆகவே ஜியோ சிம்மைப் பழைய 2ஜி போனில் போட்டால் எடுக்காது. இது தெரியாமல் எண்ணை ஜியோவுக்கு மாற்றிவிட்டு, பிறகு போன் கெட்டுப்போய்விட்டது என்று பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போன் கெடவில்லை, அதற்குத் தெரிந்த மொழியைப் பேசும் டவர்தான் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2ஜியில் ஒரு டவரின் எல்லை ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அலையின் வலுவைப் பொறுத்து மட்டும் வந்த கணக்கு அல்ல இது. தூரத்திலிருந்து வரும் அலை தாமதமாக வந்து அடுத்தவருடைய நேரத்துண்டில் மோதிவிடக் கூடாது. அதற்காக, தூரத்துப் போன் சற்று முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று டவர் சொல்கிறது. அப்படி முன்நகர்த்த 63 படிகள்தான் உண்டு. ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கினால் 35 கிலோமீட்டர். குறுக்கே கட்டடமோ மலையோ இல்லாத கடலில், கரையோர டவரின் அலை படகை எட்டுவதும், ஒரு தொலைவு போனபின் கறாராக அறுந்துபோவதும் இந்தக் கணக்குக்கு உட்பட்டவை. கடலோரத்திலும் மலையடிவாரத்திலும் இருப்பவர்கள் போனை மாற்றுவதற்கு முன், தங்கள் இடத்தில் எந்த நிறுவனத்தின் 4ஜி வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் கிடைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் போனை ஐந்து நிமிடம் வாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

4ஜிக்குப் போவதில் எனக்கு மிகப் பெரிய லாபமாகத் தெரிவது நெட் அல்ல, குரல். மனிதப் பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஸ, ஷ, ஃப போன்ற உரசொலிகளின் சாரம் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவிக்கிடக்கிறது. 2ஜி அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதனால்தான் பெயரையோ ஊரையோ போனில் சொல்லும்போது "என்னது, பாஸ்கரா? பாக்கியமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். 4ஜியிலேயே குரலை அனுப்பும் வோல்டீ முறை 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவருகிறது. காது சற்று மந்தமாகத் தொடங்கிய பெரியவர்களுக்கு, கத்திப் பேசுவதைவிடத் தெளிவாகக் கேட்பதே உதவி. இரு முனையிலும் வோல்டீ இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இந்த நன்மைக்கு ஸ்மார்ட்போன் தேவையே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 4ஜி பட்டன் போன் என்று ஒரு வகை இருக்கிறது. 2017இல் ஜியோபோன் வந்ததிலிருந்து இது நம் சந்தையில் கிடைக்கிறது. அதே விசைகள், அதே சின்னத் திரை, உள்ளே மட்டும் 4ஜி. பேசுவதே முக்கியம் என்கிறவருக்கு, 2ஜி நின்றுவிடுமோ என்ற கவலையும் தீர்கிறது. ஆனால் 'இதில் வாட்ஸ்அப்பும் இருக்கிறது' என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். இவற்றில் பலவும் ஓடும் காய்ஓஎஸ் இயங்குதளத்துக்கு 2024 ஜூனிலிருந்து வாட்ஸ்அப் புதிதாகப் பதிவிறக்கக் கிடைப்பதில்லை.

இனி விரலுக்கு வருவோம். பெரியவர்கள் டச் போனை "தொட்டா வேலை செய்ய மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுக்கும்போது, "உங்களுக்குப் பழக்கமில்லை" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அது பல நேரம் அநியாயம். தொடுதிரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் இடங்களில் மிகச் சிறு மின்னூட்டம் இருக்கிறது. ஈரப்பசையும் உப்பும் உள்ள நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் நெருங்கியதும் அந்த மின்னூட்டத்தில் கொஞ்சம் விரல் பக்கம் இழுபடுகிறது. அந்த மாற்றத்தைத்தான் போன் 'தொட்டார்' என்று எடுத்துக்கொள்கிறது. அழுத்தத்துக்கு இங்கே வேலையே இல்லை.

இப்போது ஒரு கொத்தனாரின் ஆள்காட்டி விரலைப் பாருங்கள். சிமெண்டும் செங்கல்லும் தேய்த்துத் தேய்த்து நுனித்தோல் காய்ப்புக் காய்த்திருக்கும். உயிரற்ற, உலர்ந்த அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்தாது. திரைக்கும் ரத்தம் ஓடும் சதைக்கும் நடுவே ஒரு தடுப்பாகிவிடும். வயதானவர்களின் வறண்ட தோலுக்கும் இதே சிக்கல்தான். பூக்கட்டும் அம்மாவுக்கு எதிர்ப்பக்கம். ஈர நாரைப் பிடித்த விரலிலிருந்து திரையில் விழும் தண்ணீர்த் துளியும் மின்னூட்டத்தை இழுக்கிறது. அவர் ஓரிடத்தைத் தொட, போன் மூன்று இடத்தைத் தொட்டதாக நினைத்துக்கொள்கிறது. விசைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அழுத்தினால் உள்ளே இரண்டு உலோகம் தொட்டுக்கொள்கிறது, விரலுக்கும் 'டக்'கென்று தெரிகிறது. 5ஆம் எண் விசையின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும், தடவிப் பாருங்கள். பார்வையற்றவர்களும், இருட்டில் போனைத் தேடுகிறவர்களும் அந்த ஒரு புள்ளியை வைத்தே மற்ற ஒன்பது எண்களையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஸ்மார்ட்போன்தான் என்று முடிவானால், அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்குங்கள். விரலைச் சற்று நேரம் வைத்திருந்தாலே 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொள்ளும் கால அளவை நீட்டுங்கள். சில போன்களில் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதியும் இருக்கிறது. கை நடுங்கும் பெரியவர்களுக்கு இந்தப் பத்து நிமிட வேலை, விலை கூடிய போனைவிட அதிகம் உதவும்.

பணம், பாதுகாப்பு என்று வரும்போதுதான் விஷயம் கனமாகிறது. பட்டன் போன் முழுப் பாதுகாப்பானது என்பது தவறு. 2ஜியில் சிம் உண்மையானதுதானா என்று வலையமைப்பு சோதிக்கிறது. வலையமைப்பு உண்மையானதுதானா என்று சிம் சோதிப்பதில்லை. இந்த ஓட்டையால் போலி டவர் ஒன்றை அருகில் நிறுத்தி ஏமாற்ற முடியும். 3ஜியிலிருந்துதான் இரு பக்கச் சோதனையும் வந்தது. 2ஜியின் ஏ5/1 மறையாக்கமும் எப்போதோ உடைபட்டுவிட்டது. ஆனால் இந்தத் தாக்குதலுக்குத் திருடன் கருவியோடு உங்கள் தெருவுக்கே வர வேண்டும். இன்று நம் பெரியவர்களின் சேமிப்பைச் சூறையாடுகிறவர்கள் அப்படி வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் வங்கி அறிவிப்பு என்றும் பெயர் வைத்து, வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பை அனுப்புகிறார்கள். அதைத் தொட்டு நிறுவிவிட்டால் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி அவர்களுக்கும் போய்விடும். 'டிஜிட்டல் கைது' என்று போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து மணிக்கணக்கில் மிரட்டுகிறார்கள். இந்த இரண்டும் நடக்க ஸ்மார்ட்போன் வேண்டும். பட்டன் போனில் செயலிக் கோப்பு திறக்காது, வீடியோ காலும் பெரும்பாலும் வராது. ஓடிபியை வாயால் சொல்லிவிடும் ஆபத்து மட்டும் இரண்டிலும் உண்டு.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. வயதானவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கும்போது பட்டன் போனைப் பிடுங்காதீர்கள். வங்கியிலும் ஆதாரிலும் பதிந்திருக்கும் எண் பட்டன் போனிலேயே இருக்கட்டும். புதுப் போனுக்கு வேறொரு சிம் போட்டு, அதில் வாட்ஸ்அப், யூடியூப், பேரப்பிள்ளைகளின் முகம் எல்லாம் வரட்டும். ஓடிபி ஒரு கருவியிலும், சந்தேகமான கோப்பு இன்னொரு கருவியிலும் வந்தால், கோப்பைத் தொட்டுவிட்டாலும் திருடன் கைக்கு ஓடிபி போகாது. இரண்டு சிம்முக்கும் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பது செலவுதான். வாழ்நாள் சேமிப்பு உள்ள கணக்குக்கு அந்தச் செலவு தகும்.

பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப வழி இருப்பதும் பலருக்குத் தெரியவில்லை. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே என்ற முறையை அறிமுகப்படுத்தியது. நெட் இல்லாமல், ஒரு எண்ணுக்கு அழைத்து, குரல் சொல்கிறபடி விசைகளை அழுத்தினால் பணம் போகும். *99# என்று அழுத்தும் பழைய முறையும் உண்டு. பெண்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் இன்னொரு தகவல்: 2017 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் விற்கும் எல்லா போன்களிலும் ஆபத்துக்கால அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9 விசையை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போகும்.

இவ்வளவு சொன்னாலும், சிலருக்கு ஸ்மார்ட்போனைத் தள்ளிப்போடுவதே தவறு. காது கேளாதவருக்கு வீடியோ கால் என்பது சைகையில் நேருக்கு நேர் பேசும் வழி. அதற்கு ஈடாக எதையும் பட்டன் போன் தர முடியாது. பார்வையற்றவர்களுக்கு டாக்பேக் வசதி திரையில் உள்ளதைத் தமிழிலேயே படித்துச் சொல்கிறது. தமிழில் எழுதி அனுப்புகிறவர்களுக்கும் பழைய குறுஞ்செய்தி இடம் தராது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, யூனிகோடில் தமிழ் என்றால் 70 குறியீடு. அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, போனுக்கு ஏழு. பெறுகிறவரின் போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றை முகத்தைக் காட்டியே பதியும் வசதி 2021 நவம்பரில் வந்தது. அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும். ஆனால் அது மகனுடையதாகவோ பக்கத்து வீட்டுப் பெண்ணுடையதாகவோ இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைக்காகச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

வாங்குவதானால், பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்த பழைய ஸ்மார்ட்போனை அப்பாவுக்குத் தள்ளிவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அமைப்புகளில் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு மேல் பழையது என்றால், கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அந்தப் போனில் அடைக்கப்படாமலே கிடக்கின்றன என்று பொருள். ஆபத்தை இனம் காணும் பழக்கம் குறைந்தவர் கையில், காவல் குறைந்த கருவியைக் கொடுப்பது சரியல்ல. புதிதாக வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் வோல்டீ வேலை செய்கிறதா என்று உங்கள் சிம்மைப் போட்டு அழைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தேவையே இல்லாமல் மாற்றுவதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. நாம் சார்ஜ் போடுவதால் வருவது சிறுபங்கு. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே. நன்றாக ஓடும் பட்டன் போனை இன்னும் நான்கு ஆண்டு ஓட்டுவதும் நல்ல காரியம்தான். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்புகிறது. அதைக் குத்துவதோ, அழுத்தி மூடியைப் போடுவதோ தீயில் முடியும்.

பேசுவது மட்டுமே தேவை என்கிறவருக்கு 4ஜி பட்டன் போன், முகம் பார்க்கவும் படிக்கவும் ஆசைப்படுகிறவருக்குப் பட்டன் போனோடு கூட ஒரு ஸ்மார்ட்போன். இதுவே என் முடிவு. வாங்கப் போகும்போது அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பணம் கட்டும் முன், அவர் விரலாலேயே திரையைத் திறந்து உங்கள் எண்ணுக்கு ஒருமுறை அழைக்கச் சொல்லுங்கள். அன்றே இன்னொன்றையும் இரண்டு போனிலும் பதிந்து வையுங்கள்: இணையக் குற்றத்தில் பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய அரசு உதவி எண் 1930.